வேவ்லெட் தோற்றது என்பது தவறான கணக்கு

வீடியோச் சுருக்கம் பற்றிப் பேசுகிற இடங்களில் ஒரு தீர்ப்பு இருபது ஆண்டுகளாக மாறாமல் ஒலிக்கிறது. தொண்ணூறுகளில் வேவ்லெட் கணிதத்தின் மீது பெரிய எதிர்பார்ப்பு இருந்ததாம், எச்.264 வந்ததும் அது எடுபடாமல் போனதாம். ஒரே கோப்பிலிருந்து பல தரங்களைப் பிரித்தெடுக்கும் ஸ்கேலபிள் முறையும் அதோடு சேர்ந்து வழக்கொழிந்ததாம். யூடியூபிலும் தொலைக்காட்சியிலும் ஓடுவதெல்லாம் படத்தைக் கட்டம் கட்டமாக வெட்டும் டிசிடி குடும்பம்தான், ஆகவே விவகாரம் முடிந்தது என்கிறார்கள். பொறியியல் வகுப்புகளில் வேவ்லெட்டை ஓர் அத்தியாயமாக நடத்தி முடித்து, கடைசியில் இந்தத் தீர்ப்பையும் கையில் கொடுத்து மாணவர்களை அனுப்புகிறார்கள்.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அதிலுள்ள தகவல்களில் பாதி சரி; அவற்றிலிருந்து எடுத்த முடிவு தவறு. ஒரு பார்வையாளருக்கு மிகக் குறைந்த பிட்டுகளில் படத்தைக் கொண்டுசேர்ப்பது எப்படி என்ற கேள்விக்குக் கிடைத்த விடையை, வீடியோ என்ற துறை முழுவதற்குமான விடையாக நீட்டிவிட்டார்கள். ஒருமுறை குறியாக்கிய படத்தை எத்தனை விதமான திரைகளுக்கு, எத்தனை ஆண்டுகளுக்குப் பயன்படுத்த முடியும் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வி எழுந்த இடங்களில் வேவ்லெட் வென்றிருக்கிறது, இன்றும் பணியில் இருக்கிறது.

முதலில், வாதத்துக்கு வேண்டிய அளவு கணிதம். வேவ்லெட் உருமாற்றம் ஒரு படத்தை நான்காகப் பிரிக்கிறது: நீளத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைந்த ஒரு சிறிய படம், கிடை, செங்குத்து, மூலைவாட்டு நுணுக்கங்களைத் தனித்தனியே ஏந்தும் மூன்று பட்டைகள். அந்தச் சிறிய படத்தை மறுபடியும் அதேபோல் பிரிக்கலாம். 4096 பிக்சல் அகலமுள்ள படம் ஆறு முறை பிரித்தால் 64 பிக்சல் அகலத்துக்கு வந்துவிடும். இடையில் எந்தப் படியில் நிறுத்தினாலும் கையில் இருப்பது ஒரு முழுப்படம். தெளிவுத்திறன் ஏணி உருமாற்றத்துக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. அதைப் பின்னால் ஒட்டவைக்க வேண்டியதில்லை.

தரத்துக்கும் இதேபோல் ஒரு வழி உண்டு. ஷாப்பிரோ 1993இலும், சயீதும் பேர்ல்மனும் 1996இலும், டேவிட் டாப்மன் 2000த்திலும் வெளியிட்ட குறியாக்க முறைகள் எண்களை மிக முக்கியமான பிட்டிலிருந்து தொடங்கி அடுக்கடுக்காக எழுதுகின்றன. கோப்பைப் பாதியில் வெட்டினால் படம் சற்று மங்கும், உடையாது. டாப்மனின் முறையே ஜேபெக் 2000 தரத்தின் இதயமானது. 1992இல் கோஹென், டோபிஷி, ஃபோவோ மூவரும் தந்த 9/7 வடிகட்டி அதற்கு அடித்தளம்.

இப்போது தீர்ப்புக்கு ஆதாரமாகக் காட்டப்படும் முதல் சாட்சியம்: வேவ்லெட் நேர்மையான போட்டியில் தோற்றது என்பது. 2003 அக்டோபரில் எம்பெக் அமைப்பு ஸ்கேலபிள் வீடியோவுக்கு முன்மொழிவுகள் கேட்டது. 14 வந்தன, அவற்றில் 12 வேவ்லெட் வழியிலானவை. மீதி இரண்டும் எச்.264இன் நீட்டிப்புகள். 2004இல் பெர்லினில் உள்ள ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் நிறுவனத்தின் எச்.264 நீட்டிப்பைத்தான் எம்பெக் தொடக்கப்புள்ளியாக எடுத்துக்கொண்டது. 2005 ஜனவரியில் அந்தப் பணி எச்.264க்கான திருத்தமாகவே முடிக்கப்படும் என்று முடிவானது. 2007இல் எஸ்விசி என்ற பெயரில் தரமாக வெளிவந்தது. இவ்வளவும் உண்மை. பார்வைச் சோதனையில் பெர்லின் முன்மொழிவு நன்றாகவே செய்தது என்பதும் உண்மை. குறைந்த பிட் வீதத்தில் அதன் முன்னணியை மறுக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அது எதை வென்றது என்பதைப் பார்க்க வேண்டும். எச்.264 அந்தத் தேர்வுக்கு முந்தைய ஆண்டுதான் முடிவாகியிருந்தது. அதற்கான டிகோடர் சில்லுகள் தயாராகிக்கொண்டிருந்தன. அடித்தள அடுக்கைப் பழைய எச்.264 டிகோடரே படிக்கும் என்பது தொழில்துறைக்குப் பெரிய ஈர்ப்பு. அதோடு, எச்.264இன் பலம் உருமாற்றத்தில் மட்டும் இருக்கவில்லை. பிரேமுக்குள் ஊகிக்கும் முறைகள், கட்டத்துக்குக் கட்டம் மாறும் அசைவுத் தேர்வு, சூழலுக்கேற்ற எண்கணிதக் குறியாக்கம், கட்ட விளிம்புகளை மென்மையாக்கும் வடிகட்டி என்று பல ஆண்டு உழைப்பு அதில் குவிந்திருந்தது. இவை எல்லாவற்றையும் ஒரு பக்கமும், ஆய்வுக்கூடத்திலிருந்து அப்போதுதான் வெளிவந்த வேவ்லெட் மென்பொருளை மறுபக்கமும் வைத்து, முடிவை டிசிடிக்கும் வேவ்லெட்டுக்கும் நடந்த போட்டியாகச் சொல்வது சரியான வாசிப்பு ஆகாது.

இன்னொன்றும் உண்டு. வென்றதாகச் சொல்லப்படும் எஸ்விசி என்ன ஆனது? காணொலி மாநாட்டு நிறுவனங்கள் சில அதை நன்றாகப் பயன்படுத்தின. ஒளிபரப்பிலும் இணையத் திரையோட்டத்திலும் அது பரவவே இல்லை. தனித்தனி அடுக்குகளைப் படிக்கும் திறன் பெரும்பாலான கைபேசிச் சில்லுகளுக்குள் வரவில்லை. ஆகவே 2004இன் முடிவை வைத்து, சந்தை வேவ்லெட்டை நிராகரித்தது என்று சொல்ல இடமில்லை. சந்தை நிராகரித்தது, கட்டக் கோடெக்கின் மீது ஏற்றிவைத்த ஸ்கேலபிள் முறையைத்தான்.

அதே காலத்தில் வேறு இரண்டு இடங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2004 ஜனவரியில் ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி என்ற இரண்டு ஊர்திகள் செவ்வாயில் இறங்கின. அவை அனுப்பிய படங்களைச் சுருக்கியது ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் ஐசர் என்ற வேவ்லெட் மென்பொருள். ஒரு பிட்டும் விலைமதிப்புள்ள அந்தத் தொலைவில், வந்துசேர்ந்த அளவுக்குப் படம் தெரிய வேண்டும், இழப்பு நேர்ந்தால் ஒரு பகுதியோடு நிற்க வேண்டும் என்பதே தேவை. படிப்படியாகத் தெளிவடையும் குறியாக்கம் அதற்கு இயல்பாகப் பொருந்தியது.

அடுத்தது சினிமா. ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் சேர்ந்து அமைத்த டிசிஐ கூட்டமைப்பு 2005 ஜூலையில் டிஜிட்டல் திரையிடலுக்கான தன் முதல் விவரக்குறிப்பை வெளியிட்டது. எம்பெக் வேவ்லெட்டை ஒதுக்கி ஆறு மாதம் கழிந்திருந்தது. ஸ்டுடியோக்கள் தேர்ந்தெடுத்தது ஜேபெக் 2000. இன்று அந்தத் தரத்தில் இயங்கும் எந்தத் திரையரங்கில் நீங்கள் படம் பார்த்தாலும், திரையில் விழும் ஒவ்வொரு பிரேமும் 9/7 வேவ்லெட்டிலிருந்து மீண்டு வந்தது. சென்னையில் வளர்ந்த க்யூப் நிறுவனத்தின் திரையரங்கு சர்வர்களிலும் இந்தத் தரத்துக்காக உருவானவை உண்டு. தமிழ்நாட்டில் பலர் வாரந்தோறும் வேவ்லெட்டைப் பார்த்துக்கொண்டே, அது செத்துவிட்டது என்று படிக்கிறார்கள்.

எண்களைப் பாருங்கள். 4096க்கு 2160 பிக்சல், ஒவ்வொரு வண்ணக்கூறுக்கும் 12 பிட், நொடிக்கு 24 பிரேம். சுருக்காமல் வைத்தால் நொடிக்கு சுமார் 7.6 ஜிகாபிட். டிசிஐ அனுமதிக்கும் உச்ச வரம்பு நொடிக்கு 250 மெகாபிட். அதாவது முப்பதில் ஒரு பங்கு. ஒரு பிரேமுக்கு அதிகபட்சம் 13 லட்சம் பைட். பெரிய திரையில் பார்ப்பவர் கண்ணுக்குக் குறை தெரியக்கூடாது என்ற நிபந்தனையோடு எடுத்த முடிவு இது. முக்கியமான விஷயம் இன்னொன்று: 4கே கோப்புக்கு ஆறு படி வரை, 2கே கோப்புக்கு ஐந்து படி வரை என்று பிரிவுகளை விதித்திருக்கிறார்கள். 2கே சர்வர் கொண்ட அரங்குக்கு 4கே கோப்பு வந்தால், அது மேல்படியின் நுணுக்கப் பட்டைகளைப் படிக்காமல் விட்டுவிட்டு மீதியைக் காட்டுகிறது. ஒரே பிரதி, இரண்டு தெளிவுத்திறன். ஸ்கேலபிள் வீடியோ என்பது நடைமுறைக்கு வராத கனவு என்று சொல்பவர்கள் இந்த ஏற்பாட்டை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

அவர்கள் பதில் எனக்குத் தெரியும்: அது வீடியோச் சுருக்கமே கிடையாது, நொடிக்கு 24 நிழற்படங்களை வரிசையாக வைத்தது, பிரேம்களுக்கு இடையிலான ஒற்றுமையைப் பயன்படுத்தவே இல்லை என்பார்கள். பிரேம்களுக்கு இடையிலான ஒற்றுமையைத் தொடவில்லை என்பது சரி. ஆனால் வீடியோ என்பதன் இலக்கணத்தை ஒரு கோடெக்கின் உத்தியை வைத்து வகுக்க முடியாது. ஒவ்வொரு பிரேமும் தன் காலில் நிற்க வேண்டும், எந்த இடத்திலும் வெட்டி ஒட்ட வேண்டும், ஒரு பிரேமில் நேர்ந்த பிழை அடுத்ததைத் தொடக்கூடாது என்பவை வீடியோ உலகின் பெரும்பகுதிக்கு அன்றாடத் தேவைகள். படப்பிடிப்பு, படத்தொகுப்பு, நேரலைத் தயாரிப்பு, ஆவணக்காப்பு எல்லாம் அந்தப் பகுதியைச் சேர்ந்தவை. அங்கெல்லாம் சினிஃபார்ம், ரெட் கேமராவின் ரெட்கோட், பிபிசியின் டிராக் வழிவந்த விசி-2, 2019இல் தரமான ஜேபெக் எக்ஸ்எஸ் என்று வேவ்லெட் வரிசையாக நிற்கிறது. ஜேபெக் எக்ஸ்எஸ் ஒரு முழு பிரேமுக்குக்கூடக் காத்திருக்காமல் சில வரிகளின் தாமதத்தில் வேலையை முடிக்கிறது. நேரலைத் தயாரிப்பில் கேமராவிலிருந்து ஸ்டுடியோவுக்கு ஐபி இணைப்பில் படம் போகும் பாதையில் அதற்கு இடமுண்டு.

இரண்டாவது சாட்சியம் இன்னும் கனமானது: அசைவும் வேவ்லெட்டும் ஒத்துப்போகாது என்பது. தொண்ணூறுகளில் இது உண்மையான சிக்கல்தான். பிரேம்களைக் காலத்தின் திசையிலும் வேவ்லெட்டால் பிரிக்கலாம் என்று கார்ல்சனும் வெட்டர்லியும் 1988இலேயே காட்டினார்கள். ஆனால் பொருள்கள் நகரும்போது பிக்சல்கள் ஒன்றுக்கொன்று இணை சேராமல் போயின; அரைப் பிக்சல் நகர்வைக் கொண்டுவந்தால் படத்தைப் பிசகில்லாமல் மீட்க முடியவில்லை. ஓம், டாப்மன், ஸகோர், சோய், வுட்ஸ் ஆகியோர் இந்த இடத்தில்தான் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள்.

அந்த முட்டுக்கட்டை 2001இல் விலகியது. ஸ்வெல்டன்ஸ் தொண்ணூறுகளின் நடுவில் கொடுத்த லிஃப்டிங் என்ற கட்டமைப்பைப் பெஸ்கே-பொபெஸ்க்கு, பொத்ரோ இணையும், செக்கர், டாப்மன் இணையும் காலத் திசைக்குக் கொண்டுவந்தார்கள். ஒற்றைப்படை பிரேமை இரு பக்கத்து இரட்டைப்படை பிரேம்களிலிருந்து ஊகி. ஊகத்துக்கும் உண்மைக்குமான வேறுபாட்டை மட்டும் வை. அந்த வேறுபாட்டின் ஒரு பங்கை இரட்டைப்படை பிரேம்களில் திருப்பிச் சேர். திரும்பி வரும்போது அதே படிகளைத் தலைகீழாகச் செய்தால் போதும். ஊகிக்கும் படியில் எப்படிப்பட்ட அசைவு மாதிரியை வைத்தாலும் மீட்பு பிசகாது. ஒத்துப்போகாது என்ற வாதம் தன் அடிப்படையை இழந்தது அப்போதுதான். ஆனால் வாதம் மட்டும் இன்றுவரை பாடப்புத்தகங்களில் உயிரோடிருக்கிறது.

இதில் எதிர்த்தரப்பு கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. 2004இல் வென்ற பெர்லின் முன்மொழிவுக்குள்ளேயே இந்தக் காலத்திசை லிஃப்டிங் இருந்தது. பிறகு, திருப்பிச் சேர்க்கும் படியால் கிடைக்கும் லாபம் அதன் சிக்கலுக்கு ஈடாகவில்லை என்று அதை மட்டும் நீக்கினார்கள். மிஞ்சியது படிநிலை பி பிரேம் அமைப்பு. எட்டு பிரேம் தொகுதியில் எட்டாவதை முதலில் குறியாக்கி, நான்காவதை இரு பக்கத்திலிருந்தும் ஊகித்து, பிறகு இரண்டையும் ஆறையும், கடைசியில் ஒற்றைப்படைகளை ஊகிப்பது. இது மேலே சொன்ன லிஃப்டிங்கின், அதாவது 5/3 வேவ்லெட்டின், ஊகப் படியேதான். ஹெச்இவிசி, விவிசி, ஏவி1 என்று அடுத்தடுத்து வந்த கோடெக்குகளின் திறனில் கணிசமான பங்கு இந்த அமைப்பிலிருந்து வருகிறது. கடைசி அடுக்கை விட்டுவிட்டால் நொடிக்கு 60 பிரேம் 30 ஆகும், இன்னொன்றை விட்டால் 15 ஆகும். வேவ்லெட் ஆய்வு வளர்த்த மரத்தின் கிளையில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஆய்வு வீண் என்று சொல்வது நியாயமில்லை.

திருப்பிச் சேர்க்கும் படியை நீக்கியது சரியா என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. கட்டக் கோடெக்குகள் மூடிய வளையத்தில் இயங்குபவை: பார்வையாளரின் கருவியில் எந்தப் படம் மீண்டு வரும் என்று என்கோடர் கணித்து, அதிலிருந்துதான் அடுத்ததை ஊகிக்கிறது. எல்லோருக்கும் ஒரே தரம் போனால் இது அருமையான ஏற்பாடு. ஒருவருக்கு உயர்தரமும் இன்னொருவருக்குக் குறைதரமும் போனால், ஊகத்தின் ஆதாரமே ஆளுக்காள் வேறாகிவிடும். பிழை பிரேமுக்குப் பிரேம் சேர்ந்துகொண்டே போகும். எம்பெக்-4இன் நுண்படி ஸ்கேலபிள் முறை இதைத் தவிர்க்க, அடித்தளத் தரத்திலிருந்து மட்டுமே ஊகித்தது. அதனால் சுருக்கத் திறனை இழந்து யாருக்கும் வேண்டாததானது. வேவ்லெட் முறையோ திறந்த வளையம். மூலப் பிரேம்களையே பிரிக்கிறது, பிழை அந்தத் தொகுதிக்குள் அடங்கிவிடுகிறது. நூறு தரங்களில் நூறு பேருக்கு அனுப்ப வேண்டும் என்றால் கொள்கையளவில் பொருந்துவது இந்த ஏற்பாடே. பேய்நிழல் போன்ற இரட்டைத் தோற்றம், சிறிய தெளிவுத்திறனில் ஓரங்களில் தெரியும் அரிப்பு ஆகிய குறைகள் அதற்கு உண்டு. அவை தீர்க்க முயலத்தக்க பொறியியல் குறைகள். முயற்சியை நிறுத்தியது தரநிர்ணய முடிவுதான்.

மூன்றாவது சாட்சியம் வேகம். ஜேபெக் 2000 மெதுவானது என்பது பல ஆண்டு உண்மை. அந்த மெதுவுக்குக் காரணம் வேவ்லெட் உருமாற்றம் அல்ல. ஒவ்வொரு பிட் அடுக்கையும் மூன்று முறை கடந்து, ஒவ்வொரு முடிவையும் எண்கணிதக் குறியாக்கத்துக்கு அனுப்பும் முறை. 2019இல் ஜேபெக் 2000இன் பதினைந்தாம் பகுதி அந்தக் குறியாக்கியை மட்டும் மாற்றியது. வேகம் பத்து மடங்கு அளவில் உயர்ந்தது; விலை, சுருக்கத்தில் சிறு இழப்பும் தர அடுக்குகளின் நுண்மையும். பழைய கோப்பைப் புதிய வடிவுக்குப் படத்தைத் தொடாமலே மாற்றிக்கொள்ளலாம், ஏனென்றால் வேவ்லெட் எண்கள் அப்படியே இருக்கின்றன. குற்றம் யாருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

நான்காவதாகச் சொல்லப்படுவது: ஸ்கேலபிள் முறையே தேவையில்லை, சேமிப்பகம் மலிவு, தரத்துக்கு ஒரு பிரதி செய்து வைத்தால் போதும். இன்றைய திரையோட்டச் சேவைகள் அப்படித்தான் இயங்குகின்றன. ஒரே சட்டையை ஐந்தாறு அளவில் தைத்து அடுக்கி வைத்து, வருபவருக்குப் பொருந்துவதை எடுத்துக் கொடுப்பது போன்ற ஏற்பாடு. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: மேல் தரம் நொடிக்கு 6 மெகாபிட், அதன் கீழே 3, 1.5, 0.75 என்று நான்கு பிரதிகள் என்றால் மொத்தம் 11.25. மேல் தரத்தை மட்டும் வைப்பதைவிட 87 விழுக்காட்டுக்கு மேல் அதிகம். குறியாக்கும் வேலையும் நான்கு முறை.

இதற்கு அவர்கள் தரும் மறுமொழியை நான் மதிக்கிறேன். அடுக்குமுறை பிட் வீதத்தில் பத்து விழுக்காடு அளவுக்குச் சுமை ஏற்றுகிறது. கோடிப் பேர் பார்க்கும் படத்துக்குச் சேமிப்புச் செலவைவிட அனுப்பும் செலவே பெரிது. ஆகவே பிரதிகள் லாபம். புகழ்பெற்ற படத்துக்கு இது சரியான கணக்கு. ஆனால் உலகில் குறியாக்கப்படும் வீடியோவில் பெரும்பகுதி கோடிப் பேர் பார்ப்பது கிடையாது. வகுப்புப் பதிவு, கண்காணிப்புக் கேமரா, மருத்துவமனைப் பதிவு, யாரும் திரும்பிப் பார்க்காத பதிவேற்றங்கள் எல்லாம் அதில் உண்டு. பலர் கூடும் காணொலி மாநாட்டில் ஒவ்வொருவரின் இணைப்புக்கும் தனிப் பிரதி செய்ய நேரமே இல்லை. நடுவிலுள்ள சர்வர் அடுக்குகளை உதிர்த்து அனுப்புகிறது. விபி9 என்ற கோடெக் அந்த வேலையை அடுக்குமுறையில் செய்கிறது. 2020இல் வந்த விவிசி தன் முதல் பதிப்பிலேயே பல அடுக்கு வசதியைச் சேர்த்துக்கொண்டது. அதே காலத்தில் எம்பெக் உருவாக்கிய எல்சிஇவிசி, எந்தக் கோடெக்கின் மேலும் ஒரு நுணுக்க அடுக்கை ஏற்றுகிறது. அதன் இரண்டுக்கு இரண்டு உருமாற்றம் ஒரு சராசரியையும் கிடை, செங்குத்து, மூலைவாட்டு வேறுபாடுகளையும் எடுக்கிறது. ஹார் வேவ்லெட்டின் ஒரு படிக்கும் இதற்கும் வடிவில் வேறுபாடில்லை. பிரேசில் தன் அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சிக்கு இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. தேவையே இல்லை என்று சொல்லப்பட்ட ஒன்றைத் தரநிர்ணய அமைப்புகள் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கின்றன.

ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். கைபேசியில் ஒரு பாட்டை மிகக் குறைந்த பிட்டில் பார்க்க வேண்டும் என்றால் இன்று கட்டக் கோடெக்கே சிறந்தது. அந்த வேலைக்கு வேவ்லெட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். நாசிர் அகமது, நடராஜன், கே.ஆர். ராவ் மூவரும் 1974இல் தந்த டிசிடியின் பெருமையைக் குறைப்பதும் என் நோக்கமில்லை. மறுப்பது ஒன்றைத்தான்: ஓர் அளவுகோலில் கிடைத்த வெற்றியை எல்லா அளவுகோலுக்கும் உரிய வெற்றியாக்குவதை.

இந்தத் தவறான தீர்ப்புக்கு விலை இருக்கிறது. அந்த விலையை அதிகம் தரப்போவது ஆவணக்காப்பு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் கல்பெப்பரில் உள்ள தன் ஒலி-ஒளிக் காப்பகத்தில் வீடியோ நாடாக்களை இழப்பில்லாத ஜேபெக் 2000இல் சேமித்து வந்திருக்கிறது. இழப்பில்லாத காப்புக்கு எஃப்எஃப்வி1 போன்ற வேறு நல்ல வடிவங்களும் உண்டு. பல காப்பகங்கள் அதை நம்பியிருக்கின்றன. ஆனால் அதில் முழுப்படத்தைத் திறக்காமல் சிறிய படத்தை எடுக்க முடியாது. ஜேபெக் 2000இன் இழப்பில்லாத 5/3 வேவ்லெட்டில் காப்புப் பிரதியும், ஆய்வாளர் மேசையில் பார்க்கும் பிரதியும், இணையத்தில் காட்டும் சிறுபடமும் ஒரே கோப்பு. தமிழ் சினிமாவின் தொடக்கக்காலப் படங்களில் பெரும்பாலானவற்றின் நெகட்டிவ்களை ஏற்கெனவே இழந்துவிட்டோம். மிஞ்சியவற்றை 4கேயில் ஸ்கேன் செய்கிற ஒவ்வொருவரும் அந்தக் கோப்பு ஐம்பது ஆண்டுக்குப் பின் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். அப்போது எந்தத் திரை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எந்தத் திரைக்கும் வேண்டிய அளவைத் தானே பிரித்துக் கொடுக்கும் வடிவில் வைப்பதே விவேகம்.

வகுப்பறைகளில் இது மாறினால் மற்ற இடங்களிலும் மாறும். எச்.264 எப்படி வென்றது என்று கற்பிக்கும் அதே நாளில், எந்தக் கேள்விக்கான போட்டியில் வென்றது என்பதையும் கற்பிக்க வேண்டும். கோடெக்கைத் தேர்ந்தெடுக்கும் பொறியாளர் பிட் வீத வரைபடத்தோடு நிற்காமல் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: இதைப் பார்க்கப்போகும் திரைகள் எத்தனை வகை? இது எத்தனை ஆண்டு வாழ வேண்டும்? பாதி வந்துசேர்ந்தால் பாதியாவது தெரிய வேண்டுமா? இந்த மூன்றுக்கும் விடை ‘ஒன்று, சில நாள், வேண்டாம்’ என்றால் கட்டக் கோடெக்கை எடுங்கள். ஒன்றுக்காவது விடை மாறினால், வேவ்லெட்டை மேசையில் வைத்து அளந்து பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.